கத்திரிப்பூ நிறத்தில் ஒரு ரவிக்கை

தமிழாசிரியை ஒருத்தி துணிமணியைப் பற்றி எழுதலாமா என்று மூன்று வாரங்களாக எனக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் வல்லினம் மிகும் இடங்களைப் பற்றியோ, பிள்ளைகள் லகர ளகரத்தில் இடறுவதைப் பற்றியோ எழுதிவிட்டால் எவரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் இந்த ஆண்டில் என் மனத்தை ஆட்கொண்டிருப்பது துணிதான். நாற்பத்தொன்பதாம் வயதில் (வயதை எழுதிவிட்டேன், இனி அழிப்பதற்கில்லை) எனக்கு உடையின்மீது ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசையோடு ஒரு பழைய குற்றமும் சேர்ந்து மேலே வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் எப்படி வளர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கு அருகில் ஓர் ஊர். அப்பா அரசு ஊழியர். தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குப் போவார். அரசு ஊழியர்களுக்கு அங்கே தவணையில் துணி கிடைக்கும். ஒரு தான் எடுத்து வருவார். அந்த ஒரே தானிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் பாவாடை, தங்கைக்குக் கவுன், தம்பிக்குச் சட்டை, மிச்சமிருந்தால் தலையணை உறை! தீபாவளியன்று நாங்கள் நால்வரும் வரிசையாக நின்றால் சன்னல் திரை நடந்து வருவதுபோல் இருக்கும். என் வயதுள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. என்ன நிறம் வேண்டும் என்று எங்களை எவரும் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்பதே எங்களுக்குத் தெரியாது.

பிறகு கல்லூரி, அக்காவின் தாவணிகள். பிறகு திருமணம், மாமியார் எடுத்து வைத்த புடவைகள். 2002இல் சிங்கப்பூருக்கு வந்தேன். சில ஆண்டுகளில் ஆசிரியப் பணி. "ஆசிரியையைப் பாடத்தில்தான் கவனிக்க வேண்டும், புடவையில் அன்று" என்பார் அப்பா. அதையே பிடித்துக்கொண்டேன். வெளிறிய நிறத்தில் நான்கு வாயில் புடவைகள், பிறகு சாம்பலும் பழுப்புமாய்த் தொளதொளத்த சுடிதார்கள். சக ஆசிரியைகள் நகை, துணி என்று பேசத் தொடங்கினால் நான் குறிப்பேட்டுக் கட்டை எடுத்து வைத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எளிமையாக இருக்கிறோம் என்கிற பெருமிதம்.

சென்ற ஆண்டு தைராய்டு தொல்லையில் உடம்பு பருத்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி. இருந்த ரவிக்கை ஒன்றும் நுழையவில்லை. தேக்கா சந்தை மாடியில் எனக்கு வழக்கமாகத் தைத்துக் கொடுப்பவர் ஊருக்குப் போயிருந்தார். என் கவலையைக் கேட்ட சீன மொழி ஆசிரியை ஒருவர், "என்னோடு வாருங்கள்" என்று சைனாடவுனுக்கு அழைத்துச் சென்றார்.

பீப்பிள்ஸ் பார்க் பக்கத்து மாடிகளில் துணிக்கடைகளும் தையற்கடைகளும் இருக்கின்றன. இருபதாண்டுகளாகக் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடும் எனக்கு அது தெரியாது. ஒரு கதவளவு அகலமுள்ள கடை. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மையார், கழுத்தில் அளவு நாடா. சியோங்சாம் தைப்பவர். ரவிக்கை தைப்பாரா என்று எனக்கு ஐயம். நான் கொண்டுபோன பழைய ரவிக்கையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முடியும்" என்று தலையசைத்தார்.

அளவெடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. காகிதத்தில் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மருத்துவர்கூட எடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திய காலம் அது. பிறகு என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: "சுக்கா அப்பா?"

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வியைக் கேட்டு, 'அப்பா'வை எதற்கு விசாரிக்கிறார்கள் என்று விழித்திருக்கிறேன். 'அப்பா' என்றால் மலாயில் 'என்ன'. உனக்கு என்ன பிடிக்கும் என்பது கேள்வி. இம்முறை கேள்வி நன்றாகப் புரிந்தது. பதில்தான் இல்லை. எந்த நிறம், கழுத்து எவ்வளவு இறக்கம், கை முழங்கை வரையா அதற்கு மேலா... ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "எதுவானாலும் சரி" என்றேன். அவர் அதை ஏற்கவில்லை. அலமாரியிலிருந்து துண்டுத் துணிகளை எடுத்து, கண்ணாடி முன் என்னை நிறுத்தி, ஒவ்வொன்றாய் என் தோளில் போட்டுப் பார்த்தார். சந்தன நிறம்; உதட்டைப் பிதுக்கினார். இளநீலம், எடுத்துவிட்டார். நான் இத்தனை ஆண்டுகள் உடுத்திய நிறங்கள் அவை! நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுத் துண்டு. என் முகம் கண்ணாடியில் வேறு மாதிரி ஆயிற்று. விளக்கு போட்டார்களோ என்று மேலே பார்த்தேன். விளக்கு முன்பே எரிந்துகொண்டுதான் இருந்தது.

"லாவ்ஷி, இது" என்றார். லாவ்ஷி என்றால் ஆசிரியர். அழைத்து வந்தவர் சொல்லியிருப்பார்.

அந்த ரவிக்கையைப் பற்றி இவ்வளவு போதும். விழாவுக்கு உடுத்தினேன். இரண்டு பேர் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்கள். ஒரு மாணவன், "டீச்சர், நீங்க இன்னிக்கு வேற ஆளா இருக்கீங்க" என்றான். பாராட்டா, புகாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. சைனாடவுனில் ஏறினால் கிளார்க் கீ, டோபி காட், அடுத்தது லிட்டில் இந்தியா. டோபி காட் என்ற பெயரை இருபதாண்டுகளாக ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். அது சலவைத் தொழிலாளர்களின் துறை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அங்கே ஓடிய நீரில் வெளுத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். இரண்டு துணிக்கடைத் தெருக்களுக்கு நடுவே ஒரு வண்ணான்துறை நிலையம்! துணியைப் பற்றிய நினைப்பு வந்த பிறகுதான் அந்தப் பெயரின் பொருள் காதில் விழுந்தது.

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு ஆசிரியரானார். வாங்க மாட்டேன் என்று தெரிந்தும் பிரித்துக் காட்டுவார். மயில்கழுத்து நிறம் ஏன் அசையும்போது மாறுகிறது என்று கேட்டேன். "பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலத்துல பாவு போட்டுப் பச்சையில ஊடை ஓட்டினா, பார்க்கிற கோணத்துக்கு ஒண்ணு மேல வரும்மா" என்றார். ஊடும் பாவும் என்று எத்தனை கட்டுரைகளில் உவமையாக எழுதியிருப்பேன்! நெடுக்கே போவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்று கையில் தொட்டுப் பார்த்தது அன்றுதான். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி இழையாய் ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கைகோத்துக்கொள்கின்றன. அதற்கு மூன்று நாடா வேண்டும், தறியில் நெய்பவரோடு கூட ஓர் ஆளும் வேண்டும். மதுரைச் சுங்குடியின் புள்ளி ஒவ்வொன்றும் நூலால் முடிந்து சாயத்தில் தோய்த்த முடிச்சின் தடம். அதனால்தான் கையால் முடிந்த புள்ளி சரியான வட்டமாக இராது. அச்சடித்தது மட்டுமே வட்டமாக இருக்கும்.

நிறப்பெயர்கள் இன்னொரு புதையல். நம் பாடநூலில் எட்டோ பத்தோ நிறங்கள் உண்டு. துணிக்கடைக்காரரிடம் அரக்கு, பாக்கு, வெங்காயச் சருகு, மாம்பழம், கிளிப்பச்சை, எலுமிச்சை, மாந்தளிர், கத்திரிப்பூ என்று வாய் மூடாமல் வரும். உயர்நிலை ஒன்றில் துண்டுத் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காய், பழம், பறவை பெயரில் நிறப்பெயர் சூட்டச் சொன்னேன். 'பாண்டான் பச்சை' என்றாள் ஒருத்தி. 'தே தாரிக் நிறம்' என்றான் இன்னொருவன். இருபது நிமிடம் ஒருவரும் ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. ஆசிரிய நண்பர்கள் முயன்று பார்க்கலாம்.

சைனாடவுன் எனக்கு இப்போது சீனர் பேட்டையாக மட்டும் தெரிவதில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 1827இல் வித்திட்ட நாராயண பிள்ளையை நம் பிள்ளைகள் கோயில் கட்டியவராக அறிவார்கள். 1819இல் ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்த அவர் துணி வணிகரும்கூட. கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக்கடை வைத்திருந்தார். 1822இல் அது தீக்கிரையானது. கடனோடு மீண்டும் தொடங்கினார். அவர் கோயிலின் கோபுரத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர்.

இன்னும் சற்று நடந்தால் மேக்ஸ்வெல் சாலைப் பக்கம் 'கடையநல்லூர் ஸ்திரீட்' என்று ஒரு பலகை. சிறிய தெருதான். கடையநல்லூர் நெசவாளர் ஊர். தறி கைகொடுக்காத காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. அவர்கள் 1946இல் தொடங்கிய பள்ளியே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. மேக்ஸ்வெல் சாலையில் இயங்கி 1982இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் இன்று உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. பயிற்சிகளுக்காக அந்நிலையத்துக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் பெயருக்குப் பின்னால் தறியோட்டிய கைகள் இருந்தன என்பதை ஒரு பெயர்ப்பலகையின் கீழே நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலெக்காட்' என்று பெயர். பெலெக்காட் வேறெதுவுமில்லை, நம் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்தால்தான் இந்தத் தீவுகளில் மிளகும் கிராம்பும் கிடைக்கும். சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர். அறுவை என்றால் துணி. அறுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி. இலக்கியம் வேறு, துணிக்கடை வேறு என்று நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தக் காலத்து மதுரையில் ஒருவரே இரண்டும் செய்திருக்கிறார்.

என் கணவருக்கு இந்த மாற்றம் விளங்கவில்லை. கோபமில்லை, விளங்கவில்லை, அவ்வளவுதான். "இந்த வயசுல இதெல்லாம் யாருக்காக?" என்று ஒரு நாள் கேட்டார். "எனக்காகங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. மகள் மட்டும், "அம்மா, அந்தச் சாம்பல் சுடிதாரைத் தூக்கிப் போடுங்க" என்றாள். போடவில்லை. வீடு துடைக்க வைத்திருக்கிறேன்.

அப்பா உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் யோசித்தேன். காந்தியின் எளிமையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர். ஆனால் காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறியது துணியைப் பற்றி எண்ணாததால் அன்று. துணியைப் பற்றி அவ்வளவு எண்ணியவர் அந்தக் காலத்தில் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார். எவ்வளவு முழம், எவர் நூற்றது, எவருக்கு அதுவும் இல்லை என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்த உடை அது. என் சாம்பல் சுடிதாரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கடையில் முதலில் கையில் பட்டதை எடுத்து வந்து, அதற்கு எளிமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். (விழா என்றால் பள்ளியின் தமிழாசிரியைகள் எல்லாரும் ஒரே நிறப் புடவை எடுப்பதும் எனக்கு இப்போது பிடிப்பதில்லை. அப்பாவின் தான் நினைவுக்கு வருகிறது. இதனால் நட்பு முறியாதிருக்கட்டும்!)

இனி அந்தப் பழைய குற்றம்.

2009ஆம் ஆண்டு. உயர்நிலை மூன்று. 'என் இலட்சியம்' என்ற தலைப்பில் கட்டுரை. முப்பது தாள்களில் மருத்துவர், ஆசிரியர், விமானி எல்லாம் வந்தார்கள். ஒரு மாணவி, தையற்கலைஞராக வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவள் அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தியவர். கட்டுரை முழுவதும் அம்மாவின் தையல் இயந்திரம், வெட்டும் மேசை, தீபாவளிக்கு முந்திய வாரம் நள்ளிரவு வரை நீளும் வேலை. வாக்கியப் பிழைகள் இருந்தன. ஆனால் முப்பது தாள்களில் அந்த ஒன்றில் மட்டும்தான் ஒரு வீடு இருந்தது. நான் ஓரத்தில் சிவப்பு மையில், 'உயர்ந்த இலட்சியமாகத் தேர்ந்தெடுத்து மீண்டும் எழுதுக' என்று எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். தாளைக் கொடுக்கும்போது, "உன் அம்மா உன்னைப் படிக்க வைப்பது இதற்காகவா?" என்று வகுப்பில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மருத்துவர் கட்டுரையோடு வந்தாள். ஏழைகளுக்கு இலவச மருத்துவம், கிராமங்களில் மருத்துவமனை, எல்லாம் இருந்தது. 'அருமை' என்று எழுதி நல்ல மதிப்பெண் கொடுத்தேன். பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் விரல் நுனிகளில் ஊசி குத்திய தடங்கள் இருந்தன. அதைப் பார்த்தேன் என்பதுதான் இப்போது என்னை வருத்துகிறது. பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் சைனாடவுன் கடையில் அம்மையார் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு என் தோளருகே குனிந்தபோதுதான் அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. அதன் பிறகு பல மாதங்கள் எதுவும் செய்யவில்லை. சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டு எண்ணை வாங்கி, குறுஞ்செய்தி அனுப்பினேன். மூன்று முறை எழுதி அழித்த பிறகு, நடந்ததை அப்படியே எழுதி, நான் செய்தது தவறு என்று முடித்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாளாம். ஒரு பெண் குழந்தை. அம்மா தவறி ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். "அந்தக் கட்டுரை ஞாபகம் இருக்கு டீச்சர். முதல் கட்டுரையைக் கிழிச்சுட்டேன். டாக்டர் கட்டுரையை அம்மா ரொம்ப நாள் வெச்சிருந்தாங்க" என்று இருந்தது. பரவாயில்லை என்று அவள் எழுதவில்லை. எழுதாதது சரியென்றே எனக்கும் பட்டது. தையல் இயந்திரம் என்னவாயிற்று என்று கேட்க விரல் வந்தது, கேட்கவில்லை. வேறென்ன எழுதுவதென்று தெரியாமல், கத்திரிப்பூ ரவிக்கை உடுத்தி எடுத்த படம் ஒன்றை அனுப்பி, இது சைனாடவுனில் தைத்தது என்று எழுதினேன்.

அன்றிரவே பதில் வந்துவிட்டது. "நிறம் உங்களுக்கு நல்லா எடுக்குது டீச்சர். ஆனா வலது கைக்குழியில சுருக்கம் விழுது பாருங்க. தோள் அளவு எடுக்கும்போது கையைத் தொங்கவிட்டு நின்னீங்களா, தூக்கிக்கிட்டு நின்னீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்பது மட்டும்தான் நினைவிருந்தது. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. பிறகு, "இந்த வாரம் அந்தக் கடைக்குப் போவீங்களா?" என்று வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.